பால்மரக் காட்டுக் கேள்விகள், தாமான் வீட்டுப் பதில்கள்

மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், பிள்ளைப் பருவம், கல்யாணம், முதுமை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கே: தோட்டத்துப் பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது? ஒரே வரியில் சொல்ல முடியுமா, டீச்சர்? (கல்லூரி மாணவி, ஜெராம்)

ப: வீட்டுக்குள் இடம் குறைவு, வெளியே விளையாட இடம் ஏராளம், கையில் காசு கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு.

கே: விடிவதற்கு முன்பே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்களாமே! அந்த அம்மாக்களுக்கு மனசு வலிக்காதா? (இளம் தாய், சுங்கை பூலோ)

ப: வலித்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்கத்தான் நேரமில்லை. பால்மரத்தை வெயிலில் வெட்ட முடியாது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு இருட்டோடு நடக்கும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டும் கிடையாது, அந்த நாள் வருமானமும் கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அம்மாக்கள் நான்கு மணிக்கே எழுந்து உலை வைத்து, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கொட்டகையில் ஆயா என்றால் பெரும்பாலும் வெட்டுக்குப் போக உடம்பு இடம் கொடுக்காத வயதான பெண்மணி. தொட்டில் ஆட்டுவது, பால் கரைத்துக் கொடுப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. என் அம்மா பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், கை கழுவுவதற்கு முன் என் பெயரைத்தான் கூப்பிடுவார்.

நர்சரியில் பிள்ளையை விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடும் உங்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பாட்டியும் வேலைக்குப் போனவர்தான். அவர் பிள்ளைகள் அன்பில்லாமல் வளரவில்லை. குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். வீடு திரும்பியதும் கைப்பேசியை எடுப்பதற்கு முன் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுங்கள். அது போதும்.

கே: ரப்பர் கொட்டையைத் தேய்த்துச் சூடு வைத்து விளையாடியதைப் பேரனிடம் சொன்னேன். நம்ப மறுக்கிறான். (தாத்தா, ஈஜோக்)

ப: பேசிப் பயனில்லை. ஒரு கொட்டையைத் தேடி எடுத்துச் சிமெண்டுத் தரையில் நான்கு இழுப்பு இழுத்து அவன் கையில் வையுங்கள், நம்புவான். அப்படியே வெயில் காலத்தில் காய் ‘டப்’பென்று வெடித்து, உள்ளிருக்கும் மூன்று கொட்டையும் மூன்று பக்கம் தெறிக்கும் என்பதையும் சொல்லுங்கள். கடையில் வாங்காத விளையாட்டுப் பொருளைப் பார்த்த ஒரு தலைமுறை வீட்டில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

கே: “பாட்டி, நீங்கள் ஏழையா?” என்று பேத்தி கேட்டாள். என்ன சொல்வது? (பாட்டி, தஞ்சோங் காராங்)

ப: “ஆமாம், ஏழைதான். அது எங்கள் தப்பில்லை” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

கே: ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பட்டதாரி மருமகள் முன்னால் பேசவே கூச்சமாக இருக்கிறது. (இல்லத்தரசி, பெஸ்தாரி ஜெயா)

ப: அம்மா, உங்கள் படிப்பு நின்றதில் உங்கள் மூளைக்கு எந்தப் பங்கும் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் அதற்கு மேல் போகும் பாதை குறுகலாகவே இருந்தது. இடைநிலைப் பள்ளி பட்டணத்தில். போக வர பஸ் காசு வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலில் ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்த பெண்ணைத்தான் நிறுத்துவார்கள். நான் பாடம் நடத்திய காலத்திலும் கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் அப்படி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் மன்றாடியும் இருக்கிறேன்.

நீங்கள் நின்றதால்தான் உங்கள் தம்பியோ தங்கையோ படித்திருப்பார்கள். அதை மருமகளிடம் சொல்லுங்கள். பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அதன் விலை நன்றாகப் புரியும். ஒரு வேண்டுகோளும் உண்டு: இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி உங்கள் கதையை உங்கள் கையெழுத்தில் எழுத ஆரம்பியுங்கள். ஆறாம் வகுப்புத் தமிழ் அதற்குத் தாராளமாகப் போதும்.

கே: முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் எப்படி டீச்சர் கல்யாணம் செய்துகொண்டீர்கள்? (நிச்சயமான பெண், ரவாங்)

ப: முகம் தெரியாது, குடும்பம் தெரியும். பக்கத்துத் தோட்டம்தான். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் கடன் என்பது திருவிழாக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும். இன்று உங்களுக்கு முகம் தெரியும், குரல் தெரியும், பிடித்த பாட்டும் தெரியும். ஆனால் அவருக்குக் கடன் எவ்வளவு, கோபம் வந்தால் என்ன செய்வார், அம்மாவிடம் எப்படிப் பேசுவார் என்பது தெரியுமா? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாலை மாற்றுங்கள். எங்கள் முறையை நான் சிபாரிசு செய்யவில்லை. அதில் வாயைத் திறக்க முடியாமல் வாழ்நாள் முழுவதும் அழுத பெண்களும் இருந்தார்கள்.

கே: கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போயிற்று. “பதிவு வெறும் காகிதம்தானே” என்கிறார் மாமனார். (புதுமணப்பெண், கோல சிலாங்கூர்)

ப: மாமனார் சொல்வது அவர் கல்யாணத்துக்குப் பொருந்தும்; உங்கள் கல்யாணத்துக்குப் பொருந்தாது. திருமணம், மணவிலக்குச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. 1979இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த என் கல்யாணமும் அப்படித்தான். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் பதிவு செய்தாக வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான். இரண்டாவது குடும்பம் வைத்திருந்த ஆண்களை முன்பு தோட்டங்களில் யாரும் கேட்க முடியவில்லை. இன்று சட்டம் கேட்கும்.

பதிவு இல்லாத வீட்டில் முதலில் அடிபடுவது பிள்ளைதான். தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணமும் பதிவாகாமல் போனால், அப்பா மலேசியக் குடிமகன் என்பது பிள்ளைக்கு உதவாது. தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். இப்படி அடையாள அட்டை இல்லாமல் தேர்வுக்கும் வேலைக்கும் அலைகிற பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மாலை வாடுவதற்குள் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் வாருங்கள். 1982க்கு முன் கல்யாணம் ஆன பெரியவர்களும் விரும்பினால் இப்போது பதிந்துகொள்ளலாம். மாமனாரையும் மாமியாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்களேன்!

கே: வேலை ஓய்வு பெற்ற கணவர் நாள் முழுவதும் அடுக்களையில் நின்று குறை சொல்கிறார். (பெயர் வேண்டாம், சபாக் பெர்ணம்)

ப: கரண்டியை அவர் கையில் கொடுங்கள். சமைக்கிறவருக்குக் குறை சொல்ல நேரம் கிடைக்காது. வாழ்நாளெல்லாம் வேலை செய்த மனிதருக்கு வேலை இல்லாமல் இருப்பது பெரிய துன்பம், அம்மா. அவர் தேடுவது குறையை அல்ல, தனக்கு ஓர் இடத்தை.

கே: 40 ஆண்டு தாண்டியும் “உன்னைப் பிடிக்கும்” என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. (மனைவி, ஈஜோக்)

ப: நீங்கள் சொன்னதுண்டா? இன்றைக்கு நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பசியாற ரோட்டி சானாய் வாங்கி வந்தால், அதுதான் பதில்.

கே: மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. 63 வயதில் மறுமணம் செய்ய நினைக்கிறேன். பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. (ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், பெஸ்தாரி ஜெயா)

ப: செய்துகொள்ளுங்கள், ஐயா. ஆனால் பிள்ளைகளின் பயத்தைச் சில்லறையாக நினைக்க வேண்டாம். வீடு யாருக்கு, சேமிப்பு யாருக்கு, அம்மாவின் நகை யாருக்கு என்பதை முதலில் எழுதி, அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பாதிக் கோபம் அங்கேயே தீரும். மீதிக் கோபம் அம்மாவை மறந்துவிடுவீர்களோ என்பது. அவர் படத்துக்கு மாலை போடுவதை நிறுத்த மாட்டேன் என்று சொல்லுங்கள். இதே கேள்வியை 63 வயதுப் பெண் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். துணை தேடும் உரிமை விதவைக்கும் உண்டு. அதை நம் சமூகம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கே: ரப்பரா, செம்பனையா? நம் வாழ்க்கையை எது அதிகம் மாற்றியது? (வரலாறு படிக்கும் தம்பி, ஷா ஆலம்)

ப: ரப்பர் நம்மை இங்கே கூட்டி வந்தது, செம்பனை நம்மைக் கலைத்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் வந்தது, தெரியுமா? 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அவர் எழுதிய ‘மலேஸி’ (Malaisie) என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

செம்பனை முன்பே வந்தாலும், ரப்பரை வெட்டிவிட்டு எங்கு பார்த்தாலும் அதை நட்டது நான் பிறந்து வளர்ந்த காலத்தில். பால்மரத் தோட்டத்தில் தினமும் வெட்டு இருக்கும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று குடும்பமே ஆளுக்கொரு கை கொடுத்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. ஆண்கள் குலை வெட்டினார்கள், பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினார்கள். மற்றவர்கள் தொழிற்சாலை தேடிப் பட்டணம் போனார்கள். ஒரு மரம் போய் இன்னொரு மரம் வந்ததில் லயம் லயமாக, வரிசை வரிசையாக வீடுகள் காலியாயின. தம்பி, இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதும்போது ஏக்கர் கணக்கோடு நிறுத்தாதே. காலியான வீடுகளில் யார் இருந்தார்கள் என்றும் எழுது.

கே: என் அப்பா தோட்டத்தில் ஓய்வு பெற்ற அன்றே வீடு தேட வேண்டியிருந்தது. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. (தொழிற்சாலை ஊழியர், கிள்ளான்)

ப: நியாயமான பயம். தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். ‘தலைக்கு மேல் கூரை சொந்தமாக இருக்க வேண்டும்’ என்பதை நம்மவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள்.

உங்கள் தலைமுறைக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. 1951 முதல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆனால் சேமநிதியில் உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்து போனவர்கள் எத்தனையோ பேர். இந்த வாரமே பார்த்துச் சரிசெய்யுங்கள். கணவன் போன துக்கத்தோடு மனைவி கவுண்டர் கவுண்டராக அலையக் கூடாது.

கே: சர்க்கரை இருக்கிறது என்கிறார் டாக்டர். தேத்தண்ணி இல்லாமல் என்னால் முடியாது. (பாட்டி, ஜெராம்)

ப: தேத்தண்ணியை யார் விடச் சொன்னது? சீனியையும் டின் பாலையும்தான் விடச் சொல்கிறார். கடையில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்கப் பழகுங்கள். நாக்கு சில வாரத்தில் ஒத்துக்கொள்ளும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். உழைத்த காலத்தில் இனிப்புத் தேநீர் உடம்பில் தங்கவில்லை, நடை அதை எரித்துவிட்டது. தாமான் குடியிருப்பு வீட்டில் அந்த நடை ஏது? மாலையில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். பாதங்களையும் பாருங்கள்: சின்னப் புண் என்றாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

கே: எங்கள் கொள்ளுத்தாத்தா பற்றி வீட்டில் யாருமே பேசுவதில்லை. “சயாமுக்குப் போனார்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். (பல்கலைக்கழக மாணவர், ரவாங்)

ப: ஜப்பானியர் ஆட்சியில், 1942, 43ஆம் ஆண்டுகளில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. பெரும் பகுதியினர் திரும்பவில்லை. பேர் சொல்லி அடையாளம் காட்டும் கல்லறைகூடப் பெரும்பாலோருக்குக் கிடையாது. பேச்சை நிறுத்தியவர்கள் மறந்ததால் நிறுத்தவில்லை, தாங்க முடியாமல் நிறுத்தினார்கள். அப்போது பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று 80 வயதுக்கு மேல். தம்பி, அடுத்த விடுமுறை வரை காத்திருக்காதே. இந்தச் சனிக்கிழமை போய் உட்கார்ந்து கேள். கொள்ளுத்தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்களின் பெயர், இம்மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்.

கே: சம்பள நாளில் அப்பா கள்ளுக்கடையிலிருந்து வந்து அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தேன். இப்போது அவர் படுக்கையில். பார்த்துக்கொள்கிறேன், ஆனால் மன்னிக்க முடியவில்லை. (மகள், கோல சிலாங்கூர்)

ப: மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் உரிமை இல்லை. அடித்த கை அவருடையது. அதற்கு அவர்தான் பொறுப்பு. கூடவே ஒன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கொடுத்த சம்பளம் அந்தக் கடை வழியே திரும்பிப் போயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலியோடு கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடுங்கள் என்பது. நம் மக்கள் அதைத் தடுக்கப் போராடியிருக்கிறார்கள். ஆங்கிலேய ஆட்சியாளர்கள் பட்டாளத்தைக் கொண்டுவந்து அடக்கி, நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுங்கள், உடம்பு துடையுங்கள். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில், “அம்மாவை அடித்ததை நான் மறக்கவில்லை” என்று அமைதியாகச் சொல்லுங்கள். சொல்லாமல் சுமந்தது போதும். அவர் என்ன பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பாரம் இறங்கியவர் நீங்கள்.

கே: லயம் இடிந்தது, ஆட்கள் கலைந்தார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரில். தோட்டத்தை நினைத்து அழுதுகொண்டே மீதிக் காலம் போய்விடுமோ, டீச்சர்? (தனியாக இருக்கும் பாட்டி, புக்கிட் ரோத்தான்)

ப: போகாது, அக்கா. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், இன்று மாலை வருகிறேன். அழுவது எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஒழுகும் தகரக் கூரைக்கா? வாளியோடு குழாயடியில் நின்றதற்கா? இல்லை. அழுகை மனிதர்களுக்காக. தோட்டம் திரும்பாது, மனிதர்கள் தாமான் தாமானாக நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். தோட்டம் போய்ப் பட்டணத்துக்கு மாறின பிறகும் பழைய தோட்டத்துப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து எடுத்து வந்து வைத்த அம்மனுக்கு வருடா வருடம் திருவிழா நடக்கிறது. அங்கே போங்கள், பத்துப் பேர் உங்களை அடையாளம் காண்பார்கள். பிள்ளைகள் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்ததிலிருந்து கோலாலம்பூர் பக்கம்தான். “ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, வந்து சேருங்கள்” என்று நீங்களே கூப்பிடுங்கள்.

1941 கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: சொந்தபந்தங்களும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்க்க விட வேண்டும் என்பது. பார்க்க வருகிறவர்களுக்காக வேலையைப் பணயம் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று எந்த வாசலிலும் யாரும் நம்மைத் தடுக்கவில்லை. இதைப் படிக்கும் எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் லயத்தில் இருந்த ஒருவரின் எண்ணைத் தேடுங்கள், இந்த வாரமே கூப்பிடுங்கள், அடுத்த வாரம் போய்ப் பாருங்கள். போகும்போது பழைய படங்களை எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யார் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று இருவருமாகச் சேர்ந்து எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.